அண்ணனின் வலது தோள்

அவளுக்கு முகம் ஞாபகம் இருக்காது. கடைத்தெருவில் எதிரே வந்து சிரிப்பவர்களை யாரென்று தெரியாமலே பதிலுக்குச் சிரித்து வைப்பாள். அவர்கள் தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்து, "அட, நம்ம இடுப்புப் பிடிப்புக்காரர்" என்பாள். மேசையில் குப்புறப் படுக்கிறவர்களின் முகத்தை அவள் எங்கே பார்க்கிறாள், முதுகைத்தானே பார்க்கிறாள். அதனால் எல்லோரும் அவளை முதுகக்கா என்றே கூப்பிட்டார்கள். கழுத்து பிடித்துக்கொண்டு நானும் அவளிடம் போனவள்தான். போய்ப் போய்ப் பழகிவிட்டோம். நடந்ததை அவள் என்னிடம் ஒரே மூச்சில் சொன்னதில்லை. என் கழுத்தைப் பிசையும்போது கொஞ்சம், டீ ஆறும் வரை கொஞ்சம் என்று சொன்னாள். மீதியை அவளுடைய அண்ணி சொன்னாள்.

ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில், அவளுக்கு இரண்டு அறைகள். முன்னறையில் மசாஜ் மேசை, முகம் பதிக்க அதில் ஒரு வட்ட ஓட்டை. சுவரோரம் ஒரு அலமாரி நிறையக் கண்ணாடிக் கிண்ணங்கள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இடுக்கியால் பிடித்துப் பற்றவைப்பாள். கிண்ணத்துக்குள் கண நேரம் காட்டிவிட்டுச் சட்டென்று முதுகில் கவிழ்ப்பாள். உள்ளே தோல் பணியாரம்போல் உப்பி எழும். எடுத்த பிறகு அந்த இடத்தில் வட்டமாகக் கருஞ்சிவப்புத் தடம் இருக்கும்; சில நாளில் மறைந்துவிடும். முதுகில் டின் கட்டிவிடுவேன் என்று ஊரில் எல்லோரும் மிரட்டத்தான் செய்வார்கள், உண்மையிலேயே கட்டிவிடுகிறவள் இவள் ஒருத்திதான் என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

கீழே இருந்த டயர் கடை அவளுடைய அண்ணனுடையது. லாரிச் சக்கரத்தின் மேல் அவன் சம்மட்டியை இறக்கும்போதெல்லாம் மாடியில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். புதிதாக வந்தவர்கள் பதறித் தலையைத் தூக்குவார்கள். "எங்க அண்ணன்தான், படுங்க" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. அவள் வாழப்போன இடம் சரியில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த அவள் கணவன் வெளியே பூனை, வீட்டுக்குள் வேறு ஆள். பெல்ட்டால் அடிப்பான். கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவான். ஒரு நாள் தலைமுடியைப் பிடித்து அவள் முகத்தைக் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் மோதினான். முன்பற்கள் இரண்டு உடைந்து தொட்டிக்குள் விழுந்தன. பக்கத்து வீட்டுக்காரி யார் மூலமோ அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அண்ணன் கிரீஸ் அப்பிய உடுப்போடு பட்டப்பகலில் வந்தான். கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி. யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. தங்கையின் வாயை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். கணவனைச் சட்டையோடு இழுத்து முற்றத்தில் தள்ளி, "எந்தக் கையால அடிச்ச?" என்று கேட்டான். அந்த ஆள் அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினான். அண்ணன் இரண்டையும் உடைத்தான். பிறகு தாடையில் ஒன்று வைத்தான். தெருவே வேடிக்கை பார்த்தது; தடுக்க ஒருவரும் வரவில்லை.

"சந்தோஷமா இருந்துச்சு" என்று அவள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். "எலும்பு முறியற சத்தம் கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வாயெல்லாம் ரத்தம், சிரிக்கத்தான் முடியல."

அண்ணன் சில வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். கணவன் பயந்துபோய் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டான். அண்ணன் கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளையும் சுத்தம் செய்து தங்கையைக் குடிவைத்தான். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் துண்டு மடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மசாஜும், முதுகில் கிண்ணம் கவிழ்க்கிற கப்பிங்கும் படித்து, சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். அண்ணனும் அண்ணியும் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். அண்ணி தினமும் சாப்பாடு கொடுத்து அனுப்புவாள். மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டாள், கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். குளிர்காரி என்று முதுகக்காவே அவளைக் கேலி செய்திருக்கிறாள். ஒரு நாளாவது மேசையில் வந்து படு, உடம்பு லேசாகும் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு எந்த வலியும் இல்லை என்று அண்ணி நழுவிவிடுவாள். அவர்களுக்கு ஒரே மகன். படிப்பை முடித்த கையோடு தூரத்து ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வருவது அபூர்வம்.

ஒரு நாள் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தபோது சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து அண்ணனின் வலது தோளில் அடித்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் நாள் போகப் போகத் தோள்மூட்டு இறுகிக்கொண்டே வந்தது. முதலில் சம்மட்டி தூக்க முடியவில்லை. பிறகு தலைசீவ முடியவில்லை. கடைசியில் சட்டை மாட்டவே அண்ணி கூட நிற்கவேண்டி வந்தது. கடையில் கூலிக்கு ஓர் ஆளைப் போட்டுவிட்டு, அவன் நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தான்.

தங்கை அவனை மேலே வரச்சொன்னாள். சூடான ஈரத்துண்டைத் தோளில் போட்டு இளக்குவாள். எண்ணெய் தேய்த்துத் தோள்பட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் உழுவாள். சுற்றிலும் கிண்ணங்களைக் கவிழ்ப்பாள். அதற்குப் பிறகுதான் அசல் வேலை. அவன் கையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூட்டிக்கிடந்த மூட்டை மயிரிழை மயிரிழையாகத் திறப்பாள். அவன் துண்டைக் கடித்துக்கொண்டு கத்துவான். வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டுவான், அம்மாவையும் விடமாட்டான். "அது எனக்கும் அம்மாதான், பாத்துத் திட்டு" என்பாள். மாதக்கணக்கில் இப்படி ஓடியது. அவளுக்குக் கட்டைவிரல் வீங்கிப்போகும். ராத்திரி உப்புத் தண்ணீரில் வைத்துக்கொள்வாள்.

கடைசியில் ஒரு நாள் அவன் கை காதைத் தாண்டி மேலே போனது. மேசையிலிருந்து குதித்து இறங்கி, கையை உயர்த்திக் கூரையில் தொங்கிய விளக்கைத் தொட்டுப் பார்த்தான். தலைகால் புரியாமல் சிரித்தான். முஷ்டியை மடக்கிச் சுவரில் ஒரு குத்து விட்டான், காரை பெயர்ந்து விழுந்தது. "பழைய கை வந்துருச்சுடி" என்று தங்கையைத் தூக்கிச் சுற்றினான். கீழே போனவன் கூலியாளின் கையிலிருந்து சம்மட்டியைப் பிடுங்கி ஓங்கி அடித்தான். மாடியில் கிண்ணங்கள் ஒலித்தன. அண்ணன் தனக்குச் செய்ததற்குத் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அதன் பிறகும் தோள் மறுபடி இறுகிவிடக் கூடாதென்று வாரத்துக்கொரு நாள் மதியம் அவன் மேலே வந்து படுத்தான்.

அப்படி அவன் வரவேண்டிய ஒரு நாள், காலையில், அண்ணி தானாகவே மாடியேறி வந்தாள். கப்பிங் வைக்கவேண்டும் என்றாள். முதுகக்காவுக்குச் சிரிப்பு, இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் வழி தெரிந்ததா என்று கேட்டாள். அண்ணி சிரிக்கவில்லை.

"முதுகு பூரா வை. கைல கூட வைக்கலாமா? நிறைய வை."

திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றி வந்து குப்புறப் படுத்தாள். முதுகக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பிப் பார்த்தாள். விலாவில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது ஒன்று. இடுப்புக்கு மேலே பச்சையும் ஊதாவுமாக ஒன்று. தோள்பட்டைகளுக்கு நடுவே குறுக்காக ஒரு நீளத் தடிப்பு, ஓரத்தில் தோல் கிழிந்து பொருக்கு கட்டியிருந்தது. அது புதிது. மேல்கைகளில் விரல் பதிந்த தடங்கள். ஆஸ்பத்திரியில் விபத்தில் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்த முதுகில் பழைய காயம், அதற்கு முந்தைய காயம், இன்றைய காயம் என்று எல்லாம் சேர்ந்தே இருந்தன.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அடிபட்ட இடத்தில் கப்பிங் வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

"நாளைக்குப் பையன் வர்றான்" என்றாள் அண்ணி, முகத்தை ஓட்டையிலிருந்து எடுக்காமலே. "இது அவன் கண்ணுல பட்டுச்சுன்னா ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க. மேல மேல கிண்ணத்தை வச்சு எல்லாத்தையும் வட்டமாக்கிடு. நீ வச்சதுன்னு சொல்லிக்கிறேன்."

"எப்பலேருந்து அண்ணி?"

"எப்பவும்தான். நடுவுல அவருக்குக் கை தூக்க முடியாம இருந்துச்சுல்ல, அப்ப மட்டும் இல்ல."

முதுகக்கா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். அண்ணி எழுந்து உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டாள். கோபமே இல்லாமல்தான் பேசினாள்.

"சொல்லி? உன் புருஷனை அடிக்க அவரு இருந்தாரு. அவரை அடிக்க யாரு இருக்கா?" பிறகு, "அந்தத் தோளை நீ சரிபண்ணாம விட்டிருக்கலாம்" என்றாள்.

முதுகக்கா தன் கைகளைப் பார்த்தாள். அந்த வார்த்தை இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது என்று என்னிடம் சொன்னாள்.

அண்ணியைப் பின்னறைக்குக் கூட்டிப் போய்க் காயத்துக்கு மருந்து போட்டாள். சாப்பிட வைத்தாள். இனி அந்த வீட்டுக்குப் போகவேண்டாம் என்றாள். அண்ணி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மரப்படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வருகிற நேரம் ஆகியிருந்தது. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. முதுகக்கா பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

அவன் வழக்கம்போல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குப்புறப் படுத்தான். மகன் வரப்போவதைப் பற்றி உற்சாகமாகப் பேசினான். அவள் கைகள் தம் போக்கில் வேலையைத் தொடங்கிவிட்டன. துண்டு போட்டாள், எண்ணெய் தேய்த்தாள், தோளைச் சுற்றிக் கிண்ணங்களைக் கவிழ்த்தாள். பஞ்சு பற்றவைக்கிற ஸ்பிரிட் விளக்கில் சுடர் எரிந்துகொண்டிருந்தது. அவன் வலது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, மேலே தள்ளிக்கொண்டே போனாள். வலிக்கிற எல்லை எதுவென்று அவளுக்கு அத்துப்படி. அந்த எல்லையில் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் போதும் என்பதுபோல் இடது கையால் மேசையைத் தட்டினான். அவள் விடவில்லை.

"எந்தக் கையால அண்ணா அடிச்ச?" என்றாள்.

அவன் உடம்பு விறைத்தது. ஓட்டைக்குள்ளிருந்து, தரையிலிருந்து வருவதுபோல் அவன் குரல் வந்தது. யார் உனக்கு வத்தி வைத்தது என்று கேட்டான். முதுகைப் பார்த்துவிட்டேன் என்றாள் அவள். எனக்கு ஒரு நியாயம், அண்ணிக்கு ஒரு நியாயமா என்று கேட்டாள்.

"உன் புருஷன் காரணமில்லாம அடிச்சான்" என்றான் அவன். "நான் காரணத்தோடதான் அடிக்கிறேன்."

இன்னும் ஒரு விரற்கடை தள்ளினால் போதும், அந்தக் கை ஆயுசுக்கும் எழும்பாது. அவளுக்கு அது தெரியும். உள்ளங்கைக்குள் மூட்டு நெறுநெறுவென்று நகர்ந்தது. அன்றைக்கு முற்றத்தில் கேட்ட சத்தம் இப்போது தன் கையிலிருந்து வரப்போகிறது என்று நினைத்ததும் பிடி தளர்ந்தது. விட்டுவிட்டாள்.

அடுத்த கணம் அவன் எழுந்துவிட்டான். முதுகிலும் தோளிலும் கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருக்க, புறங்கையால் அவள் முகத்தில் அறைந்தான். அவள் அலமாரியில் போய் மோதினாள். அந்த அலமாரியை இழுத்துக் கவிழ்த்தான். கிண்ணங்கள் மழையாகக் கொட்டி நொறுங்கின. அவன் திரும்பும்போதெல்லாம் முதுகிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து வெடித்தன. அந்த நேரத்திலும், முதுகெல்லாம் கொம்பு முளைத்த மாடு மாதிரி இருக்கிறானே என்று தோன்றியதாம் அவளுக்கு. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனான்.

"கைதானே உனக்குத் திமிரு" என்றான்.

அவள் வலது கையை வாசல் நிலையில் வைத்து அழுத்திக்கொண்டு கதவை ஓங்கி அறைந்தான். கட்டைவிரல் அடியோடு நசுங்கியது. அவள் கத்தியது கீழே கடையில் கூலியாளுக்குக் கேட்டதாம். அவன் மேலே வரவில்லை. அண்ணன் கதவைத் திறந்து இரண்டாம் தடவைக்குக் கையைச் சரியாக வைத்தான்.

அப்போதுதான் அவன் மார்பில் சில்லென்று ஏதோ வந்து விழுந்தது. ஸ்பிரிட். பின்னறையிலிருந்து வந்த அண்ணி ஒரு கையில் காலி பாட்டிலோடும் மறு கையில் இடுக்கியோடும் நின்றிருந்தாள். இடுக்கியின் நுனியில் பஞ்சு எரிந்துகொண்டிருந்தது. அவன் மார்பிலிருந்து ஸ்பிரிட் வயிற்றுக்கு வழிந்து தரையில் சொட்டியது.

"அவளை விடுங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் எதையும் செய்யச் சொன்னதில்லை. அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. தங்கையை விட்டுவிட்டு, இடுக்கியைப் பறிக்க ஒரு அடி எடுத்து வைத்தான். அண்ணி பின்னால் நகரவில்லை. பஞ்சு இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தது. இருவருக்கும் நடுவே தரையில் நீலமாக நெருப்பு படர்ந்தது. அவன் பதறிப் பின்வாங்கினான். வெறுங்காலில் கண்ணாடி ஏறியது. தடுமாறி வாசலைத் தாண்டியவன் தன் ரத்தத்திலேயே வழுக்கி மல்லாந்து, படிக்கட்டில் கடகடவென்று உருண்டான். முதுகில் மிச்சமிருந்த கிண்ணங்கள் அவனுக்கு அடியில் நொறுங்கித் தோலுக்குள் இறங்கின. சொந்தக் கடை வாசலில், டயர்களுக்கு நடுவே போய் விழுந்தான்.

அண்ணி ஈரத்துண்டுகளைப் போட்டு நெருப்பை மிதித்து அணைத்தாள். பிறகு நாத்தனாரின் கையைத் துணியில் சுற்றிக் கட்டினாள். கீழே ஒரே கூச்சல். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு முதுகில் தையல் போட்டார்கள். விஷயம் போலீசுக்குப் போனது. தன் பெண்டாட்டி மேல் இருப்பதெல்லாம் தங்கை கப்பிங் வைத்த தழும்பு, கேட்டுப் பாருங்கள், அதுதான் அவள் பிழைப்பு என்று அவன் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னான். விசாரிக்க வந்த பெண் அதிகாரி பாதி நம்பிவிட்டாள். முதுகக்காவைப் பார்த்து, நீதான் வைத்தாயா என்றுகூடக் கேட்டாள். கையில் கட்டோடு, மயக்க மருந்து தெளியாமல், இல்லை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லத்தான் இவளால் முடிந்தது.

மறுநாள் மகன் வந்து இறங்கினான். வீட்டுக்குப் போகாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தான். சின்ன வயசில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன் என்றான். எந்தப் பொருளால், எங்கே, எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை. அவ்வளவும் தெரிந்துகொண்டு ஊரைவிட்டுப் போனதை நினைத்துத்தான் தலை குனிந்தான் என்று அண்ணி நினைத்தாள். வெளியே வந்து ஓரமாக நின்றபோது அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அண்ணனுக்குத் தண்டனை கிடைத்தது. கடை கைமாறிப் போய், இப்போது கீழே மெத்தை விற்கிறார்கள். முதுகக்காவின் கட்டைவிரலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் மடங்காது. அவள் முழங்கையாலும் முன்கையாலும் அமுக்கப் பழகிக்கொண்டாள். பழைய அழுத்தம் இல்லை என்று சிலர் வராமல் நின்றுவிட்டார்கள். நாங்கள் சிலர் இன்னும் போகிறோம். கண்ணாடிக் கிண்ணங்களை அவள் திரும்ப வாங்கவில்லை. கையால் காற்றை இழுக்கிற பிளாஸ்டிக் கிண்ணங்கள்தான் இப்போது. ஸ்பிரிட் வாடை பட்டால் அண்ணிக்கு வாந்தி வருகிறது. அண்ணி பின்னறையில் அவளோடு இருக்கிறாள். ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடப் போகிறாள். அரைக்கைச் சட்டை போடுகிறாள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் முதுகக்கா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு முதுகு. சட்டைக்கு மேலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணன் விடுதலையாகி வந்தது அவளுக்குத் தெரியாது. இறங்கிவிடலாம் என்று எழுவதற்குள் அவன் திரும்பிவிட்டான். கிழடுதட்டிப் போயிருந்தான். எழுந்து வந்து அவள் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான். தொடுவதற்குக் கையைக் கொண்டுவந்தான். அவள் உடம்பு அவளைக் கேட்காமலே ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டது. அவன் கையை இழுத்துக்கொண்டு வெளியே பார்த்தான். கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது, பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவிடவும் தோன்றியது, இரண்டும் ஒன்றாகவே வந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள். தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள். பஸ் கண்ணுக்கு மறையும்வரை ஒரு மருந்துக்கடைக்குள் நின்றாள்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எப்படி இருந்தான், என்ன பேசினான் என்றெல்லாம் கேட்கவில்லை.

"பின்னால வந்தாரா?"

"இல்ல."

அண்ணி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டு வந்தாள். பிறகு, நீ இன்னும் சாப்பிடவில்லையே என்று தட்டை எடுத்து வைத்தாள்.